முதல் பெட்டி ஏலம்

கோயில்பிச்சைக்குத் தொண்டைதான் சொத்து. தூத்துக்குடி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறியே காலத்தைத் தள்ளியவர். ஏரல் பக்கத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய தார்களை வரிசையாக நிறுத்தி, முதல் தாரின் மேல் கையை வைத்து அவர் குரலை எடுத்தால், எதிர் டீக்கடையில் நிற்கிற வியாபாரி பாதி கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். அந்தக் குரலுக்கு மண்டிக்காரர் கூலி கொடுத்தார். அவர் போகிற கிறிஸ்தவச் சபை கொடுக்கவில்லை. சபைக்கு ஓசி.

சபைக்கு ஓசியாக உழைக்கவே பிறந்தவர் என்று ஊரில் கேலி உண்டு. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதால், இவரைப் பெற்றவர்கள் கோயில் வாசலில் போட்டு, கோயில் கொடுத்த பிச்சையாக எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெயரை வைத்தார்கள். வாங்கிய பிச்சைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

கோயில் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் இருக்கிறது. பின்னால் உப்பளம். கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். குருவானவர் பிரசங்கத்தை நிறுத்தி, லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கண்ணாடி அதிர்ந்து அதிர்ந்து கூரையில் விரிசல் விட்டதாகக் கமிட்டி சொல்கிறது. உப்புக்காற்று என்று கொத்தனார் சொல்கிறார். எதுவானால் என்ன, மழை பெய்தால் பாடகர் குழு குடை பிடிக்க வேண்டியிருந்தது.

அங்கே வருடத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் காய்த்தது, வளர்த்தது, ஒன்றும் இல்லாதவர்கள் கடையில் வாங்கியது என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் பந்தலில் ஏலத்துக்கு வரும். விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்காது. எலுமிச்சம்பழம் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கொடுக்கிற சந்தோஷம் என்று வந்த குருவானவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பாதி சந்தோஷம்தான், மீதி வீம்பு என்று மைக் பிடித்தவருக்குத் தெரியும். அந்த வீம்பைக் கிளப்புவதுதான் கோயில்பிச்சையின் வேலை. யாரை எந்த இடத்தில் குத்தினால் எழும்புவான் என்று அவருக்கு அத்துப்படி. "என்ன அண்ணாச்சி, கத்தார்ல இருந்து மவன் அனுப்புற காசு பேங்குல தூங்குதாக்கும்?" என்பார். அண்ணாச்சி எழுந்துவிடுவார். கூட்டம் கை தட்டும். எடுத்தவர் பெயரையும் விலையையும் செயலாளர் எழுதிக்கொள்வார். பணம் பிறகு வரும். வராமலும் போகும்.

எல்லாப் பொருளுக்கும் முன்னால் ஏறுவது ஒரு ஓலைப்பெட்டிக் கருப்பட்டி. உடன்குடியில் வியாபாரம் செய்கிற சபைக் குடும்பம் ஒன்று அதைத் தவறாமல் அனுப்பிவிடும். முதல் பெட்டி என்றே அதற்குப் பெயர். அதை எடுத்தவன் அந்த வருடம் முழுக்கச் சபையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். கோயில்பிச்சையின் மைத்துனர், அதாவது தங்கை புருஷன், உயிரோடு இருந்தவரை முதல் பெட்டியை வேறு ஆளுக்கு விட்டதில்லை. அவருடைய மகன்தான் கிங்ஸ்டன். கோயில்பிச்சையின் ஒரே மகள் டெல்பினைக் கட்டிக்கொடுத்ததும் அவனுக்குத்தான். துறைமுகத்தில் இரண்டு ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி இறந்தபிறகு கோயில்பிச்சைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மகள் வீட்டில்தான். மாமனும் மருமகனும் ஒரு சட்டி மீன்குழம்பைத் தீர்த்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துத் துறைமுகத்துக் கதை பேசுவார்கள்.

அந்தச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொண்டது கோயில்பிச்சையின் வாய்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய பண்டிகையில் ஹார்டுவேர் கடை ராஜசெல்வம் முதல் பெட்டிக்குக் கை தூக்கினார். கிங்ஸ்டனும் தூக்கினான். ஒரு கட்டத்தில் கிங்ஸ்டன் கை தயங்கியது. மண்டியில் பழகிய வாய் அதற்கெல்லாம் காத்திருக்குமா? "அப்பா தூக்கிட்டுப் போன பெட்டிய அடுத்த வீட்டுக்காரன் தூக்குதான், மவன் பாத்துக்கிட்டு நிக்கான்!" என்று மைக்கில் சொல்லிவிட்டார். கூட்டம் ஓவென்று கத்தியது. கிங்ஸ்டன் முகம் சிவந்து, நாற்பத்தையாயிரம் என்றான். பந்தலே எழுந்து நின்று கை தட்டியது. கோயில்பிச்சைக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை கிறிஸ்துமஸ்வரைகூட நிற்கவில்லை. சரக்குக் குறைந்து, தவணை நின்று, ஒரு ட்ரெய்லரை ஃபைனான்ஸ்காரன் எடுத்துக்கொண்டு போனான். நாற்பத்தையாயிரம் பாக்கியாக நின்றது. கிங்ஸ்டன் முதலில் முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்கு வந்தான். பிறகு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஆராதனை கேட்டான். பிறகு மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுவிட்டு அப்படியே பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். மாமனைப் பார்த்தால் ஒரு "ம்". கடைசியில் அதுவும் இல்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிட டெல்பினுக்கும் வாய் வரவில்லை. கோயில்பிச்சை ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு, பாதியைத் தின்பார், மீதியை மூடிவைப்பார்.

இந்த வருடம் ஜூனில் புதிதாக வந்த குருவானவர் கமிட்டியைக் கூட்டினார். இளைஞர். ஊழியத்துக்கு வருமுன் வங்கியில் இருந்தவராம். சபையின் காணிக்கைக் கணக்கை ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்துப் பார்த்திருந்தார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"நம்ம வரவுல பாதிக்கு மேல ஒரே நாள்ல, ஏலத்துல வருது. ஆனா அந்தப் பாதியில பாதி காகிதத்துல மட்டுந்தான் இருக்கு. இப்படி ஒரு நாள நம்பி ஒரு சபை வருஷம் முழுக்க ஓட முடியாது. எல்லா வீடும் மாசாமாசம் கொஞ்சம் கொடுத்தாப் போதும். கொஞ்சமா இருந்தாலும் சரி."

செயலாளர் தங்கத்துரைக்கு அது பிடிக்கவில்லை. "ஐயா, மாசம் நூறு ரூவா குடுன்னா நூறு காரணம் சொல்லுவானுவ. பந்தல்ல நிக்க வச்சு நம்ம அண்ணாச்சி நாலு வார்த்த குத்துனா பத்தாயிரம் குடுப்பானுவ. கூர ஒழுகுது. கூர முடியுற மட்டும் ஏலம் இருக்கட்டும்."

கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒன்று முடிவானது. மாதக் காணிக்கை தொடங்குவது. ஏலம் இந்த வருடம் நடக்கும், ஆனால் கையில் ரொக்கம் வைத்திருப்பவன் மட்டும் கேட்க வேண்டும். பழைய பாக்கியைப் பண்டிகைக்கு முன்னால் வசூலிப்பது. யார் வசூலிப்பது என்றபோது எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"நீரு கூறுன ஏலந்தானவே. நீரே போய்க் கேளும்" என்றார் தங்கத்துரை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் ஒரு தெம்பு வேண்டாமா? கோயில்பிச்சை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவந்துவிட்டார்.

ஆனி, ஆடி வெயிலில் தெருத் தெருவாக நடந்தார். காற்று உப்பையும் துறைமுகத்து நிலக்கரித் தூசியையும் சேர்த்து முகத்தில் அப்பியது. முழங்கால் வீங்கிக்கொண்டது. போகிற வீட்டிலெல்லாம் மோர் கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை. சிலர் சண்டை பிடித்தார்கள். ஏலத்தில் சேவலை எடுத்த ஒருவர், "அன்னைக்கு வாயால ஏத்துனீரு, இன்னைக்குக் காலால படியேறுதீரு. நல்லா ஏறும்" என்றார். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லையே.

வெயிலைவிட அவரை அலைக்கழித்தது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தபடி ஒருநாள் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுகளில் அங்கங்கே இடைவெளி. அந்த இடைவெளி ஒவ்வொன்றுக்கும் அவரால் ஏலத்தில் போன ஒரு பொருளைச் சொல்ல முடிந்தது. தூண் ஓரத்தில் பூசணிக்காய். அதற்குப் பின்னால் சேவல். ஜன்னல் பக்கம் இரண்டு கிலோ கேக். யாரும் கடவுளோடு கோபித்துக்கொண்டு போகவில்லை; பாக்கியை வைத்துக்கொண்டு தங்கத்துரை முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டுத்தான் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவரையும் நான்தானே கூவி வெளியே அனுப்பினேன் என்று நினைத்தார். அன்று எந்தப் பாட்டுக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கிங்ஸ்டன் வீட்டுக்கு மட்டும் போகாமல் தள்ளிக்கொண்டே வந்தார். ஆகஸ்ட் முடியும்போது வேறு வீடு மிச்சமில்லை. போனார். கிங்ஸ்டன் வாசலில் மீதமிருந்த ஒற்றை ட்ரெய்லரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கை முழுக்க கிரீஸ். எழுந்திருக்கவில்லை.

"கமிட்டி ஆளா வந்தியளா, மாமாவா வந்தியளா?"

கோயில்பிச்சை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாகமா இருந்துச்சு. தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்" என்றார்.

"ஏளா டெல்பின், உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கிங்ஸ்டன் சக்கரத்தோடு குனிந்துகொண்டான். டெல்பின் சொம்பைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிறவரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

பண்டிகையன்று காலையில் ஆராதனைக்கு மணி அடிக்குமுன்பே கிங்ஸ்டன் கோயிலுக்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நேராகத் தங்கத்துரையின் மேசைக்குப் போய் பாக்கி மொத்தத்தையும் எண்ணி வைத்தான். ரசீது வாங்கினான். பலபேர் பார்க்கத்தான் செய்தான். பிறகு முன்னால் போய், அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். கோயில்பிச்சைக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று மத்தியானம் மகள் வீட்டில் சாப்பாடு என்று மனதுக்குள் சோற்றையே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து பந்தலுக்கு வந்து மைக்கைக் கையில் எடுத்தபோதுதான் பெண்கள் பக்கத்தில் டெல்பினைக் கவனித்தார். கழுத்தில் தாலிச் செயின் இல்லை. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாள். அப்பா பார்க்கிறார் என்று தெரிந்ததும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். பாக்கிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்தது. அதோடு போயிருந்தால் சரி. கிங்ஸ்டனுடைய சட்டைப்பை இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது.

முதல் பெட்டி மேசைக்கு ஏறியது. ராஜசெல்வம் ஐயாயிரத்தில் தொடங்கினார். கிங்ஸ்டன் ஆறு என்றான். ராஜசெல்வம் எட்டு. கிங்ஸ்டன் பத்து. கூட்டத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய கூத்தை இன்னொருமுறை பார்க்கலாம் என்று பின்னால் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். தங்கத்துரை மேசைக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். குத்தும்வே என்று அர்த்தம்.

கோயில்பிச்சை குத்தவில்லை. மருமகனுடைய முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தை மண்டியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இது சரக்குக்காகக் கேட்கிற முகம் இல்லை, நிறுத்தத் தெரியாத முகம். ராஜசெல்வம் பன்னிரண்டு என்றார். கிங்ஸ்டன் மூச்சை இழுத்துக்கொண்டு கையைத் தூக்கத் தொடங்கினான்.

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்! ராஜசெல்வம் அண்ணாச்சிக்கு!"

ஒரே மூச்சு. மேசையைத் தட்டியும் விட்டார். மண்டியில் இப்படி ஒரு தாரை முடித்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

பந்தலில் ஒரே கூச்சல். "அண்ணாச்சி, கிங்ஸ்டன் கை தூக்கிருக்கான்!" என்று யாரோ கத்தினார்கள். "என்னவே பண்ணுதீரு?" என்று தங்கத்துரை எழுந்துவிட்டார். ராஜசெல்வமே ஒன்றும் விளங்காமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிங்ஸ்டன் மேசைக்கு வந்தான்.

"மாமா, நான் கை தூக்குனதப் பாக்கலியா?"

"பாக்கலடே."

"பொய் சொல்லாதிய." அவன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. மைக் திறந்திருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது. "பாக்கிக்காரனா வேப்பமரத்தடியில நின்னப்பக்கூட எனக்கு இவ்வளவு கேவலமா இல்ல. கையில காசோட வந்தவன, உன்னால முடியாதுன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டிய."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டெல்பின் தலைப்பைப் பிடித்தபடி பின்னாலேயே நடந்தே போனாள். கோயில்பிச்சை மிச்ச ஏலத்தைக் கூறி முடித்தார். முடிக்காமல் எப்படி? கோழிகள் கட்டிக்கிடந்தன. யாரையும் ஒரு வார்த்தை குத்தவில்லை. கேட்ட விலைக்கு விட்டார். அன்று மத்தியானம் பார்சல்கூட வாங்கவில்லை.

மறுநாள் குருவானவர் கூப்பிட்டனுப்பினார். ஏலத்தில் வந்தது போன வருடத்தில் பாதிகூட இல்லை, ஆனால் வந்ததெல்லாம் கையில் இருக்கிறது என்றார்.

"கிங்ஸ்டன் கை தூக்கினத நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்யா."

அதற்குமேல் அவர் துருவவில்லை. "அடுத்த வருஷம் ஏலம் வேண்டாம்னு கமிட்டியில சொல்லலாம்னு இருக்கேன். நீங்களும் கூட நின்னு சொன்னா நல்லாருக்கும்" என்றார்.

"நான் எங்க நின்னு என்னத்தச் சொல்ல? என்னை விட்டுருங்கய்யா. நின்னதெல்லாம் போதும். முழங்கால் கேக்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டுக் கோயில்பிச்சை எழுந்தார். மைக்கை இனிமேல் தொடுவதில்லை என்பதை மட்டும் வாசலில் நின்று சொன்னார்.

அவர் இல்லாமலே கமிட்டியில் அது பேசி முடிந்தது. மாதக் காணிக்கைக் கவர் வீடு வீடாகப் போனது. யாருடைய கவரில் எவ்வளவு என்று யாரும் வாசிக்க மாட்டார்கள், பழைய பாக்கியையும் கேட்க மாட்டார்கள் என்று குருவானவர் அறிவித்தார். தங்கத்துரை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அக்டோபரில் பூசணிக்காய்க்காரர் குடும்பத்தோடு வந்து தூண் ஓரத்தில் உட்கார்ந்தார். சேவலும் வந்தது. கோயில்பிச்சை முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான். இவர்கள் எல்லாரும் வந்து என்ன, வரவேண்டியவன் வரவில்லையே என்று ஒரு கசப்பும் கூடவே இருந்தது.

நவம்பரில் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜன ஆராதனை. மழை. கூரை ஒழுகியது. பாட்டு தொடங்கியபிறகு யாரோ நனைந்த சட்டையோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். கோயில்பிச்சை பக்கத்திலிருந்த பெரியவரை விட்டு நகர்ந்து நடுவில் இடம் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கிங்ஸ்டன். அவன் யார் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்று அப்போதுதான் பார்த்தான். வேறு இடமில்லை, மற்ற பெஞ்சுகளில் ஒழுகிய இடத்தை விட்டு எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காணிக்கைப் பை வந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஈரம்படாமல் வைத்திருந்த கவரை எடுத்துப் போட்டான். மாமன் பக்கம் திரும்பவில்லை.

பிறகு சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. பீடத்தண்டை குருவானவர் தொடங்கிவைக்க, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரும். சேர்த்து நீட்டுகிற கையை அடுத்தவர் தன் இரண்டு கைக்குள்ளும் பொதிந்து வாங்கி, திரும்பி அதற்கடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு யார்மேல் என்ன கோபம் இருந்தாலும் அதை வாங்காமல் இருக்க முடியாது. முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பிக் கோயில்பிச்சைக்குக் கொடுத்தார். கோயில்பிச்சை மருமகனிடம் கையை நீட்டினார். கிங்ஸ்டன் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு பொதிந்து வாங்கினான். கிரீஸ் போகாத நகங்கள்.

விடாமல், குனிந்தபடியே கேட்டான்.

"மாமா, அன்னைக்கு நீங்க விட்டிருந்தா நான் எதுவரைக்கும் போயிருப்பேன்?"

கோயில்பிச்சை ஏலக்காரர். அதற்கு மட்டும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"டெல்பின் கையில ரெண்டு வளையல் கிடக்குல்லா. அதுவரைக்கும் போயிருப்ப."

கிங்ஸ்டன் கையை எடுக்கவில்லை. அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர், தன் பங்குச் சமாதானத்துக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.